தாளத்துக்குப் பெயர் கிடையாதா?

ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று பேச்செடுத்தாலே நம் இலக்கிய நண்பர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இயந்திரம் போடும் சத்தம், இதில் கலை எங்கே என்பது அவர்கள் தீர்ப்பு. தீர்ப்புச் சொல்கிறவர்களில் அநேகர் ஒரு தட்டையும் முழுசாகக் கேட்டதில்லை. வணிகப் பத்திரிகைக்காரன் புதுக்கவிதையைப் படிக்காமலே 'புரியவில்லை' என்றபோது மட்டும் இவர்களுக்கு எவ்வளவு தார்மீகக் கோபம் வந்தது!

பிறந்த விதத்தைப் பார்த்தால் அந்த இசை நமக்குப் பங்காளி. 1990-களின் தொடக்கத்தில் லண்டனில், கரீபியக் குடியேறிகளின் பிள்ளைகளும் அவர்களோடு பழகிய வெள்ளைக்காரப் பையன்களும், பெரிய கம்பெனிகள் சீந்தாத தட்டுகளைத் தாங்களே சிறு எண்ணிக்கையில் அடித்து, காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். மூவிங் ஷாடோ (1990), மெட்டல்ஹெட்ஸ் (1994) போன்ற லேபிள்கள் அந்தச் சூழலில் எழுந்தவை. செல்லப்பா புத்தக மூட்டையோடு ஊர் ஊராக அலைந்ததைச் சொல்லிச் சொல்லி உருகுகிறவர்களுக்கு இது புரியாமற்போக நியாயமில்லை.

மேலே தாளம் நிமிஷத்துக்கு 160, 170 அடி என்று சிதறி ஓட, கீழே பேஸ் அதில் பாதி வேகத்தில் நகர்கிறது. மயானக் கொள்ளையில் பம்பை பொரிய, வளைந்த குச்சியின் உரசலில் உறுமி முனகிக்கொண்டு வருவதைக் கேட்டு வளர்ந்த தர்மபுரிக்காரனுக்கு இதற்கு உரை வேண்டாம்.

உடனே நான் லேபிள்களுக்குத் துதி பாடுவதாக நினைக்க வேண்டாம். என் சண்டையே அவர்களோடுதான். ஜங்கிளின் முதுகெலும்பு, தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' (1969) பாட்டில் கிரிகரி கோல்மன் தனியாக வாசித்த ஏறக்குறைய ஏழு வினாடி. அதை வெட்டி, வேகம் கூட்டி, மாற்றி அடுக்கி ஆயிரக்கணக்கில் தட்டுகள் வந்தன. கோல்மனுக்குக் காசு போகவில்லை. 2006-ல் வீடின்றி இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் வசூலித்துக் கொடுத்தது 24,000 பவுண்டு. அது நன்கொடை, கூலி அல்ல.

நம் பக்கம் என்ன வாழ்ந்தது? மாயா அருள்பிரகாசம் 2007-ல் 'கலா' தொகுப்பில் உறுமியை உலகத்துக்குக் கேட்க வைத்தார். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அடித்தவர்களில் ஒருவர் பெயராவது தெரியும்? 2021-ல் மாஜா என்ற சுயேச்சை லேபிள் 'எஞ்சாயி எஞ்சாமி'யை வெளியிட்டது. அந்த வெற்றியை ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் கொண்டாடியபோது, பாட்டை எழுதிப் பாடிய அறிவு அதில் இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. சுயேச்சை என்ற சொல் தானாக யாரையும் புனிதமாக்கிவிடாது.

பென்னாகரம் பக்கத்துத் திருவிழா ஒன்றில் மைக் பிடித்து நின்ற பட்டணத்துப் பையனிடம், வாசிப்பவர் பெயர் கேட்டாயா என்றேன். 'ஃபோக் டிரம்ஸ்' என்று பதிவுக்குப் பெயர் வைத்துவிட்டதாகச் சொன்னான். அவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மேளக்காரரை 'ஏய்' என்று கூப்பிட்டே பழகிய ஊரில் பெயர் கேட்க யாருக்குத் தோன்றும்? இது அழகியல் பிரச்னை அல்ல, சாதிப் பிரச்னை.

நாட்டார் கலை கூட்டுப் படைப்பு, அதற்கு ஆசிரியன் ஏது என்று நம் அமைப்பியல்வாதிகள் வரலாம். ஆசிரியன் செத்துவிட்டான் என்று எழுதிய கட்டுரையின் கீழ் அவர்கள் பெயர் மட்டும் தவறாமல் அச்சாகிவிடுகிறது.

ஆநிரை மீட்டுச் செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மண் இது. செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லில், கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்குக்கூடப் பெயரோடு இடம் உண்டு. பம்பைக்காரருக்குத் தட்டின் உறையில் ஒரு வரி இல்லையா? வாசித்தவர் பெயர், அவர் ஊர், வருமானத்தில் அவர் பங்கு. இந்த மூன்றும் இல்லாத புது வெளியீட்டை, எவ்வளவு சிறிய லேபிளானாலும், எவ்வளவு நவீனமானாலும், நான் திருட்டு என்றுதான் எழுதுவேன்.