பாலிதீன் கவசம்

கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் மொட்டைமாடியில் சீரியல் செட் தொங்கவிடுபவர்கள் பலர், இப்போது அதை ஸ்மார்ட் பிளக்கில் செருகி டைமர் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பிளக் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டியது என்று சொன்னால், சன்ஷேடுக்குக் கீழேதான் இருக்கிறது, பாலிதீன் கவர் வேறு சுற்றியிருக்கிறது என்று பதில் வரும். மழைத்துளி நேராக விழாவிட்டால் ஆபத்தில்லை என்பதே இந்தப் பதிலுக்குள் இருக்கும் நம்பிக்கை. அது தவறு. கவர் அந்தத் தவறை இன்னும் மோசமாக்குகிறது.

மின்சாதனப் பெட்டியில் ஐ.பி. என்று தொடங்கும் குறியீடு ஒன்று இருக்கும். முதல் இலக்கம் விரலும் தூசும் உள்ளே புகாமல் தடுப்பதைச் சொல்கிறது, இரண்டாவது இலக்கம் தண்ணீரை. வீட்டுக்குள் வைக்கும் பிளக்குகள் பெரும்பாலும் ஐ.பி. 20. அந்தப் பூஜ்யத்துக்கு, தண்ணீருக்கு எதிராக எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று பொருள். எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்க 44 வேண்டும். மழையே இல்லாவிட்டாலும் ஈரம் வரும். பகலில் கவருக்குள் புகுந்த வெப்பக் காற்றின் ஈரம், மார்கழி விடியலில் குளிர்ந்து உட்பக்கம் முத்துமுத்தாக நிற்கும். திறந்த இடத்தில் வெயில் ஏறினால் உலர்ந்துவிடும் அந்த ஈரம், கவருக்குள் தங்கிவிடுகிறது. பிளக்கின் சொந்தச் சூடும் வெளியேற வழியில்லை. கடலோர ஊர்களில் உப்புப் படலமும் சேர்ந்தால், ஈரம் மின்சாரத்துக்குப் பாதை போட்டுக்கொடுக்கும்.

"எங்கள் வீட்டில் ட்ரிப்பர் இருக்கிறதே" என்பார்கள். அது மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு கசிந்தால் அசையாது. மனித இதயத்துக்கு அதுவே அதிகம். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உயிர்காக்கும் கருவிதான், அது கட்டாயம் வேண்டும். ஆனால் அது பார்ப்பது, பேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்பதை மட்டும். ஈரமான பிளக்குக்குள் பேஸிலிருந்து நியூட்ரலுக்கே கசிந்தால் கணக்கு சரியாக இருக்கும், கருவியும் சும்மா இருக்கும். பிளாஸ்டிக் மெல்லக் கருகிக்கொண்டிருக்கும். இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்பவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும்: கருகுவது வெளியே தெரிவதில்லை. ஆப்பில் அணைத்துவிட்டோம் என்பதும் ஆறுதலல்ல. உத்தரவுக்குக் காத்திருக்கும் சர்க்யூட்டில் எப்போதும் 230 வோல்ட் இருக்கும். பல பிளக்குகளில் ரிலே ஒரு வயரை மட்டுமே துண்டிக்கிறது. சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம்மாறியிருந்தால், அணைந்த விளக்கிலும் மின்சாரம் நிற்கும்.

இதில் டைமர்தான் எனக்கு மிகவும் உறுத்துவது. சுவிட்சைப் போடப் போகும் ஆள், சாக்கெட் நனைந்திருந்தால் கையை இழுத்துக்கொள்வார். டைமருக்குக் கண்ணில்லை, மாலை ஆறு மணிக்குக் கொட்டும் மழையிலும் போட்டுவிடும். வெளியே வைக்கத்தக்க பிளக் விலை கூடுதல் என்ற வாதத்தையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. வெளியே இருக்க வேண்டியது விளக்கு மட்டுமே. வெளிப்புறத்துக்கென்றே செய்த சீரியல் செட்டின் வயரைச் சுவரைத் தாண்டி உள்ளே கொண்டுவந்து, அறைக்குள் இருக்கும் சாக்கெட்டில் பிளக்கை வைத்தால் போதும். வைஃபையும் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும்.