தோலும் தீட்டும் டி.என்.ஏ.யும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுகின்றவர்களைக் கண்டு தீட்டு என்று ஒதுங்கிப் போன கூட்டத்தார், அதே தோலில் தைத்த ஜோட்டைப் போட்டுக்கொள்ளவும், மிருதங்கத்தில் கட்டித் தட்டவும் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. அது கிடக்கட்டும். அந்தத் தோல்தான் என்ன?

தோலின் பலமெல்லாம் கொல்லாஜென் என்னும் நாரில் இருக்கின்றது. மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டதே அந்நாரின் அடிப்படை. இதை 1954, 1955ஆம் வருஷங்களில் கண்டு உலகத்துக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவுமாவர். அவர்களுக்குச் சோதனைச் சரக்கு வந்தது எந்தப் புண்ணிய க்ஷேத்திரத்திலிருந்தும் அல்ல. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து!

இழைகளை முறுக்கியவன் யார் என்று கேட்பார்கள். ஒருவனும் இல்லை. வீட்டில் ஆட்டுக்கால் சூப்புக் காய்ச்சி ஆறவிட்டுப் பாருங்கள். கொதியில் அவிழ்ந்த இழைகள், ஆறினதும் ஆங்காங்கே மறுபடியும் முறுக்கிக்கொண்டு நீரைப் பிடித்து நிறுத்துவதால்தான் அது பாளமாக உறைகின்றது. மந்திரம் சொன்னாலும் உறையும், சொல்லாவிட்டாலும் உறையும்.

பொருளின் இந்தச் சுபாவத்தையே இப்போது விஞ்ஞானிகள் வேலை வாங்குகின்றார்கள். டி.என்.ஏ. இழையில் நான்கு வகைக் கண்ணிகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் ஜோடியோடுதான் சேரும். ஆகவே கண்ணிகளின் வரிசையை நாம் வகுத்துவிட்டால், இழைகள் தாமே கூடி வேண்டிய உருவமாகின்றன. அமெரிக்காவில் சீமன் என்பவர் 1982இல் இந்த யோசனையை வெளியிட்டு, 1991இல் ஜுங்ஹுவே சென் என்பவரோடு ஒரு கனசதுரமும் செய்தார். 2006இல் ராத்மண்ட் என்பவர் ஒரு நீண்ட இழையை இருநூறுக்கு மேற்பட்ட சிறு இழைகளால் மடித்துப் பிணைத்து, நட்சத்திரமும் சிரிக்கும் முகமும் செய்து காட்டினார். அம்முகங்களைப் பதினாயிரம் வரிசையாக வைத்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்! டி.என்.ஏ.யின் ஒரு முனையில் நீரோடு ஒட்டாத செயற்கைப் பாலிமரைச் சேர்த்தாலோ, சோப்பு நுண்துளிகளைப்போல் பாலிமர் உள்ளேயும் டி.என்.ஏ. வெளியேயுமாக உருண்டைகள் தாமே உண்டாகின்றன. அவற்றில் மருந்தை வைத்து நோயுள்ள இடத்துக்கு அனுப்ப முயல்கின்றார்கள். பெரும்பாலும் இது இன்னும் ஆராய்ச்சிச் சாலையளவில்தான் இருக்கின்றது. இதற்குள் யாராவது "நானோ" என்று தைலம் விற்க வந்தால், தாயத்துக்காரனைக் கேட்கும் கேள்விகளையே அவனையும் கேளுங்கள்.

நிற்க. பிறப்பினாலேயே ஒருவன் உயர்ந்தவன் என்கின்றார்களே, அந்தப் பிறப்பின் சங்கதி எழுதப்பட்டிருப்பதும் இதே நான்கு கண்ணிகளில்தானே! பூசை செய்பவனுக்கு ஐந்தாவது கண்ணி ஏதாவது உண்டா?

ஆவாரம்பட்டைச் சாறும் குரோமிய உப்பும் தோலில் செய்வதென்ன? அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைப்பதேயாகும். அப்படியானால் டிரம்மருகில் நிற்கும் தொழிலாளி செய்வது உயர்ந்த ரசாயன வேலையா, இழிதொழிலா? அவர் பிள்ளைக்கு இந்தப் பாடத்தைத் தமிழில், சோதனையோடு, பாலாற்றங்கரைப் பள்ளிக்கூடங்களிலேயே நடத்த வேண்டும். அவர் கைக்கு உறையும், கழிவுக் குழியில் மனிதன் இறங்காமலிருக்க யந்திரமும் முதலாளிகள் இன்றே கொடுக்க வேண்டும்.