பி.எப். பணத்துக்கு இனிஷியல் தடையா?

தாராவியிலும் பாண்டுப்பிலும் பல காலமாகப் பிழைக்கும் தமிழர்களில் அநேகருக்கு உள்ள ஆசை ஒன்றுதான். சொந்த ஊரில் ஒரு காரை வீடு கட்டிவிட வேண்டும். கையில் ரொக்கம் இல்லை. ஆனால் மாதந்தோறும் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் பிடித்த பிராவிடண்ட் பண்டுப் பணம் இருக்கிறது. கேட்ட நேரத்தில் அது கைக்கு வருகிறதா என்றால், அங்கேதான் தகராறு.

பல சமயம் குறுக்கே நிற்பது சட்டமல்ல, பெயர். மராத்தியருக்குச் சொந்தப் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று உண்டு. தமிழனுக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலுமே. வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனி குமாஸ்தா 'சர்நேம் என்ன?' என்று கேட்டு, தகப்பன் பெயரை அந்த இடத்தில் எழுதிவிடுகிறார். எஸ். முருகன், முருகன் சுப்பையா ஆகிறார். ஆதாரில் முருகன் எஸ். பாங்கு பாஸ் புத்தகத்தில் சுப்பையா முருகன். கம்ப்யூட்டரின் கணக்கில் இவர்கள் மூன்று ஆசாமிகள்! மனு திரும்பி வந்துவிடுகிறது.

இதற்கு 2025 ஜனவரியில் ஒரு வழி பிறந்தது. 2017 அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் பிறகு யு.ஏ.என். எண் பெற்று, அதை ஆதாருடன் இணைத்தவர்கள், பெயர்த் தவற்றைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். வரவேற்க வேண்டியதே. ஆனால் அதற்கு முன் எண் பெற்றவர் யார்? அதிக ஆண்டு உழைத்தவர், அதிகப் பணம் சேர்த்தவர், ஓய்வுக்குப் பக்கத்தில் நிற்பவர். அவரை முதலாளியிடம் போகச் சொல்வது என்ன நியாயம்? முதலாளி கதவடைத்திருந்தால் கெஜட்டட் அதிகாரி போன்றோரின் சான்றுக்கு அலைய வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஒரு நாள் வேலை, கிழவருக்கு ஆறு மாத அலைச்சல் என்பது தலைகீழ் நீதி.

தகப்பன் பெயர் பண்டு அலுவலகத்தின் பதிவிலேயே இருக்கிறது. பிறந்த தேதியும் இருக்கிறது. இரண்டும் பொருந்தி, இனிஷியலும் தகப்பன் பெயரின் முதல் எழுத்தாக இருந்தால், அலுவலகமே திருத்திக் கொடுக்க என்ன தடை? தென்னாட்டார் பெயர் முறை டில்லிக்குத் தெரியாத சங்கதி அல்லவே. தமிழ்ச் சங்கங்களும் யூனியன்களும் இதை ஒரே குரலில் கேட்க வேண்டும்.

வீட்டு விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டுக்காக எடுப்பதை 'லோன்' என்றே பலரும் சொல்லி, திருப்பிக் கட்ட வேண்டுமே என்று பயப்படுகிறார்கள். அது சொந்தப் பணம். வீடு கட்டியவர் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஐந்தாண்டு சந்தா வேண்டும் என்றிருந்ததை 12 மாதமாகக் குறைக்க, 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ஆனால் மனை யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் ஊர்க்காரர்களைக் கவிழ்ப்பது. 1952-ஆம் ஆண்டுத் திட்டத்தின் 68-பி விதி, மனை சந்தாதாரர் பெயரிலோ, கணவன் அல்லது மனைவி பெயரிலோ, இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும் என்று வகுத்தது. அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான பூர்வீக மனை அதில் அடங்கவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் பதியாமல் செங்கலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திண்டாடுகிறவர்கள் உண்டு.

இந்தச் சந்தில்தான் ஏஜெண்டுகள் நுழைகிறார்கள். மனுவுக்குப் பண்டு அலுவலகம் ஒரு காசும் கட்டணம் கேட்பதில்லை. ஏஜெண்டு கேட்பதோ கிடைக்கும் தொகையில் பங்கு. அவரிடம் ஆதார் எண்ணையும் டெலிபோனில் வரும் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுப்பவர், பெட்டிச் சாவியையே கொடுத்தவர் ஆகிறார். வேலையில் இருக்கும்போதே, கம்பெனி முத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே, மூன்று காகிதங்களிலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்வது நல்லது. ஏஜெண்டுக்கு அங்கே வேலை இல்லை.