யாருடைய யன்னல் இது?



யுத்தத்துக்குப் பின்னான ஆண்டுகளில் எமது பெண்கள் எத்தனை படிவங்களை நிரப்பியிருப்பார்கள்! முகாமில் ஒரு பதிவு, மீள்குடியேறியபோது ஒரு பதிவு, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடி இன்னொன்று. பிள்ளைகள் எத்தனை, வருமானம் எவ்வளவு, கணவருக்கு என்ன நடந்தது என்று ஒரே கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. அங்கே கேட்பவராவது எமக்கு முன்னால் இருந்தார். கைத்தொலைபேசியில் இணையத்தைத் திறக்கும்போது எம்மிடம் எவரும் கேள்வி கேட்பதில்லை. கேட்காமலே எழுதிக்கொள்கிறார்கள்.

இணையத்தை நாம் பார்ப்பது உலாவி எனப்படும் மென்பொருளின் ஊடாகவாகும். குரோம், சபாரி, எட்ஜ், பயர்பொக்ஸ் என்பன உலாவிகள். நாம் தேடுகின்ற நோய், வாசிக்கின்ற செய்தி, விசாரிக்கின்ற கடன் அனைத்தும் இந்த யன்னலூடாகவே போய் வருகின்றன. ஆகவே யன்னலைச் செய்தவர் யார் என்று கேட்பது கணனி படித்தவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எமக்கு ஓர் இலக்கம் தருகிறார்கள். அடுத்த முறை போகும்போது அதைக் கொண்டு எம்மை அடையாளம் காண்கிறார்கள். இணையத்தளங்களும் இவ்வாறே எமது உலாவியில் ஒரு சிறு குறிப்பை வைக்கின்றன. அதற்குக் 'குக்கி' என்று பெயர். 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் இது உருவானது. வாங்கத் தெரிவுசெய்த பொருட்களை இணையக் கடை மறக்காமல் இருக்க இது உதவியது. அதில் தவறில்லை. ஆனால் ஒரே ஆள் கிளினிக் வாசலிலும், வங்கி வாசலிலும், பாடசாலை வாசலிலும் நின்று உங்களைக் குறித்துக்கொண்டால் எப்படியிருக்கும்? விளம்பர நிறுவனங்கள் பல தளங்களில் தமது குக்கிகளை வைத்துச் செய்வது அதைத்தான். ஒரு பெண் கர்ப்பப்பை நோய் பற்றி ஓரிடத்தில் வாசிக்கிறாள். நகை அடகு பற்றி வேறோரிடத்தில் தேடுகிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அவளுடைய அவசரம் எது என்று விளங்கிவிடுகிறது.

ஏகபோகத்தின் கதை

இணைய வலை எவருடைய தனிச்சொத்தாகவும் இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் 'சேர்ண்' ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பிரித்தானியரான ரிம் பேர்னர்ஸ் லீ 1989இல் முன்வைத்த யோசனையே அது. 1993 ஏப்ரல் 30ஆம் திகதி, அதன் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் எழுத்தில் கொடுத்தது.

பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் உலாவியை விண்டோஸுடன் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. பணம் கொடுத்து நெற்ஸ்கேப்பை வாங்குவோர் குறைந்தனர். 1998இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடர்ந்தது. ஆனால் அதற்குள் சந்தை கைமாறத் தொடங்கிவிட்டது. போட்டியாளர் இல்லாமற் போனதும் நடந்தது என்ன? 2001இல் வந்த ஆறாவது பதிப்புக்குப் பின் அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. வேறு கடை இல்லாத ஊரில் முதலாளி தராசைத் திருத்துவதில்லை.

தோற்றுக்கொண்டிருந்த நெற்ஸ்கேப் 1998 மார்ச்சில் ஒரு நல்ல காரியம் செய்தது. தனது உலாவியின் மூலநிரலை, அதாவது அது எவ்வாறு செய்யப்பட்டது என்ற முழு விபரத்தையும், உலகுக்குத் திறந்து வைத்தது. திறந்த மூல மென்பொருளை எவரும் வாசிக்கலாம், பிழை பிடிக்கலாம், திருத்தலாம். அதிலிருந்து வளர்ந்ததே மொசில்லாவின் பயர்பொக்ஸ். 2004 நவம்பரில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. அடுத்த மாதம் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் இரண்டு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதற்கான பணத்தைச் சேர்த்தவர்கள் ஏறத்தாழ 10,000 சாதாரண பாவனையாளர்கள். அதனைத் தமிழாக்கியவர்களும் தொண்டர்களே. ஒரு காலத்தில் 'தமிழ் (இலங்கை)' என்றே ஒரு பதிப்பும் இருந்தது.

இன்றைய நிலை

2008இல் கூகிளின் குரோம் வந்தது. வேகமும் எளிமையும் அதற்கு வெற்றியைத் தந்தன. இன்று உலகில் மிகப் பெரும்பாலானோர் பாவிப்பது அதையே. ஒப்பெரா 2013இலும் மைக்ரோசொப்ட்டின் எட்ஜ் 2020இலும் குரோமின் அடித்தளத்துக்கே மாறிவிட்டன. அந்த அடித்தளமும் திறந்த மூலம்தான். ஆயினும் முக்கிய முடிவுகளை எடுப்பது கூகிள். விளம்பரங்களைத் தடுத்துவந்த 'யூபிளொக் ஒரிஜின்' என்ற இணைப்பு, கூகிள் விதிகளை மாற்றியதால் 2025இல் குரோமில் இயங்காமற் போனது. பயர்பொக்ஸில் அது தொடர்ந்து இயங்குகிறது. சமையற் குறிப்பு எல்லோருக்கும் தெரிந்தாலும், அடுப்பு ஒருவருடைய வீட்டில் மட்டும் இருந்தால் உப்பைத் தீர்மானிப்பவர் அவர்தானே.

பயர்பொக்ஸின் நிலையும் பாதுகாப்பானதல்ல. பாவனையாளர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டனர். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தேடுபொறியைச் சேர்த்துக்கொள்வதற்காகக் கூகிள் கொடுக்கும் பணமாகும். எமது மாதர் சங்கத்தின் சுழற்சி நிதி முழுவதையும் எதிரே கடை வைத்திருக்கும் முதலாளியே தந்தால் எப்படியோ, அப்படி. கூகிள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது என்று 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் குரோமை விற்கத் தேவையில்லை என 2025 செப்டெம்பரில் அதே நீதிமன்றம் கூறியது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, மறைநிலையைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே போனைப் பலரும் பாவித்தால், நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியல் போனில் தங்காமலிருக்க அது உதவும். ஆனால் நீங்கள் போகும் இணையத்தளமும், இணைப்பை வழங்கும் நிறுவனமும் உங்களைக் காண்பதை அது தடுக்காது. மறைநிலையிலும் தகவல் சேர்த்ததாக 2020இல் கூகிளுக்கு எதிராக வழக்கு வந்தது. 2024இல் பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் இணங்கியது.

இரண்டாவது, பயர்பொக்ஸையும் ஒருமுறை பாவித்துப் பாருங்கள். இலவசம். பல தளங்களினூடாகத் தொடரும் குக்கிகளை அது தானாகவே பிரித்து வைக்கிறது. யூபிளொக் ஒரிஜினை அன்ட்ரொயிட் போனிலும் சேர்க்கலாம். விளம்பரங்கள் குறைவதால் டேட்டாவும் மிச்சமாகும்.

மூன்றாவது, இருப்பிடம், ஒலிவாங்கி, தொடர்பு இலக்கங்கள் என்பவற்றுக்கு ஒரு செயலி அனுமதி கேட்டால் உடனே 'சரி' போடாதீர்கள். கடன் தரும் செயலிக்கு உங்கள் சகோதரியின் இலக்கம் எதற்கு? தவணை பிந்தினால் அவரையும் அழைப்பதற்காக இருக்கலாம்.

நான்காவது, போனைத் திருத்தக் கொடுக்கமுன் படங்களையும் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் அகற்றிவிடுங்கள்.

இவற்றால் கண்காணிப்பு முற்றாக ஒழிந்துவிடாது. பயந்து இணையத்தைக் கைவிடுவதும் மருந்தல்ல. பரீட்சை முடிவும், சுயதொழிலுக்கான சந்தையும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் முகமும் அதில்தான் இருக்கின்றன. படிவம் நீட்டிய அதிகாரியிடம் "இது எதற்கு?" என்று கேட்கப் பல வருடங்கள் எடுத்துப் பழகியவர்கள் நாங்கள். அதே கேள்வியைக் கையிலுள்ள போனிடமும் கேட்கப் பழகுவோம். எமது பெண்பிள்ளைகளுக்கும் பழக்குவோம்.