உழைச்செல்வான் யார்?

திருக்குறளின் 93 ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை யான் பாடஞ் சொல்லத் தொடங்கி முப்பது ஆண்டுகளாகின்றன. ஒருமுறை, குடித்துக் களித்தவனைப் பெற்ற தாயும் பொறாள் என்று நயம் விரித்தபோது, வகுப்பு முழுதும் ஒரு மாணாக்கனைத் திரும்பிப் பார்த்தது. அவன் தந்தை குடிப்பவர் என்பது ஊரறிந்த செய்தி. அவன் தலைகவிழ்ந்தான், யானோ அடுத்த குறளுக்குச் சென்றேன். மறுவாரம் முதல் அவன் வரவில்லை.

பிழை என்னுடையதே. வள்ளுவர் நாணத்தைக் குழியைச் சுற்றிய வேலியாக இட்டார். குழியில் வீழ்ந்தவனை அடிக்கும் கோலாகத் தந்தாரல்லர். மதுவுக்கு அடிமையாதலை உலகச் சுகாதார நிறுவனம் நோய்களின் வரிசையிலே வைத்திருக்கின்றது. நோயெனின், நாம் புரட்டவேண்டிய ஏடு வேறு.

95 ஆம் அதிகாரம் 'மருந்து'. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணும் உழைச்செல்வான் என மருத்துவம் அங்கே நான்காகப் பகுக்கப்படுகின்றது. முதல் மூன்றையும் வைத்தியசாலையிற் காணலாம். நான்காமவன் ஊரிலன்றோ இருத்தல் வேண்டும்? ஊரோ, "குடிகாரன் வீடு" என்று பெயரிட்டுச் சம்பந்தஞ் செய்யவும் மறுக்கின்றது. அப்பெயருக்கு அஞ்சியே வீட்டார் நோயை மறைக்கின்றனர், சிகிச்சையும் பிந்துகின்றது.

"இரங்கினால் குடி பெருகாதோ?" என்பர் சிலர். குடியைக் கடிக, குடிப்பவனையும் அவன் குடியையும் கடியற்க என்பதே என் கருத்து.

ஆசிரிய அன்பர்களே, கள்ளுண்ணாமையை நடத்தும் நாளிலேயே 950 ஆம் குறளையும் நடத்துங்கள். தலைகவிழ்ந்த ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும்.