ஷேக்ஸ்பியருக்குப் பிறகு ஆப்பிரிக்காவா?

1968 அக்டோபரில் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் மூவர் ஒரு குறிப்பு எழுதினார்கள்: கூகி வா தியாங்கோ, ஹென்றி ஓவுவோர் அன்யும்பா, தபன் லோ லியோங். ஆங்கிலத் துறையை எடுத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்துக்கும் மொழிகளுக்கும் ஒரு துறை தொடங்குங்கள் என்பதுதான் கோரிக்கை. கூகியின் நாவல்களைக் கொண்டாடும் நாம் இந்தச் சில பக்கங்களுக்கு உரிய மதிப்பைத் தரவில்லை என்பது என் கட்சி. ஐரோப்பிய நூல்களைத் தூக்கி எறியச் சொன்னவர்கள் அல்லர் அவர்கள். ஆப்பிரிக்க மாணவன் எங்கே நின்றுகொண்டு உலகத்தைப் பார்க்க வேண்டும் என்றே கேட்டார்கள். பாட்டி சொன்ன கதையும் விடுகதையும் வயல்வெளிப் பாட்டும் தேர்வுக்குரிய பாடமாகலாம் என்றார்கள். எத்தனை பெரிய துணிச்சல்! அந்தத் துணிச்சலுக்கு கூகி பின்னால் விலையும் கொடுத்தார். கமிரீது கிராமத்து மக்களோடு கிகூயு மொழியில் நாடகம் போட்டதற்காக 1977 டிசம்பர் 31 அன்று கைதானார். கழிப்பறைக் காகிதத்தில் நாவல் எழுதி, ஓராண்டு கழித்து வெளியே வந்தார். பேராசிரியர் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு அவர் பாடம் நடத்தியது பெரும்பாலும் அமெரிக்க வகுப்பறைகளில். கென்யாவின் பிள்ளைகள் இழந்த அந்த வகுப்புகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.