பழைய மென்பொருளும் வன்னிப் பிள்ளைகளும்

ஆலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவியைப் பழைய மென்பொருளில் படிப்பிப்பது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும் என்றார் நண்பரொருவர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

ஆலை இயந்திரம் கைத்தொலைபேசியல்ல, ஈராண்டுக்கொருமுறை மாற்றுவதற்கு. சீமென்ஸ் நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் கொண்டுவந்த எஸ்7-300 வகையை 2023 ஒக்டோபரில்தான் வழமையான விற்பனையிலிருந்து விலக்கியது. உதிரிப்பாகங்கள் மேலும் பத்தாண்டுகளுக்கு உண்டு. ஆகவே, அதற்குரிய பழைய 'ஸ்டெப் 7' மென்பொருளை அறிந்தவருக்கு வேலையும் உண்டு. ரிலே மின்சுற்றுகளிலிருந்து பிறந்த ஏணி வரைபட முறையோ மென்பொருள்கள் மாறியும் இன்றுவரை நிலைத்திருக்கின்றது.

ஏமாற்று வேறிடத்தில் இருக்கின்றது. பழையதை மட்டும் படிப்பித்து, அது பழையதென்று சொல்லாமலே சான்றிதழ் வழங்குவதுதான் அது. அதே நிறுவனத்தின் புதிய 'ரியா போர்ட்டல்' 2010இலேயே வந்துவிட்டது.

கட்டுநாயக்க, பியகம வலயங்களுக்கு அருகில் படிப்பவர் வகுப்பில் விட்டதை ஆலையில் பிடித்துக்கொள்வார். வன்னியிலோ பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போர்க்காலத்தில் செயலிழந்த பின், அத்தகைய பேராலையொன்றைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இன்று இருக்கின்றன. எனினும், முல்லைத்தீவுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பயிற்சிக்கூடமே ஆலை.

ஆகவே, தர்க்கத்தைப் பழையதில் படிப்பியுங்கள். முடிவில் அதே நிரலைப் புதியதிலும் எழுதவையுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதைச் சான்றிதழில் குறிப்பிடுங்கள். பழமை குற்றமல்ல, அதை மறைப்பதே குற்றம்.